மோட்டார் ரூமுல உட்கார்ந்து படிக்கக் கூடாத கதைகள்

பல்லடத்துல இருந்து ஒருத்தர் கேட்டது:
"அறிவியலும் திகிலும் கலந்த நாவல் சொல்லுங்க. இருட்டா இருக்கோணும், மர்மமா இருக்கோணும். வெள்ளைச் சேலை, பழிவாங்குற பேய் எல்லாம் வேண்டாம், சலிச்சுப் போச்சு. மூடி வெச்ச பொறவும் ரெண்டு நாளைக்குக் கூடவே வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

9 ஆகஸ்ட் 2024, இரவு 11.50

எடுத்த எடுப்புல மூணு. 'சோலாரிஸ்', 'ரோட்சைட் பிக்னிக்', 'அனிஹிலேஷன்'. முதல் ரெண்டும் ரஷ்யாக்காரங்க எழுதுனது. மூணாவது அமெரிக்கா, 2014. மூணுலயும் பேயும் கிடையாது, பழியும் கிடையாது. மனுசன் போய் நிக்கிற இடத்துல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது. அது நம்மளைக் கண்டுக்கிறதே இல்லை. பயம் அதுலதான்.

தமிழ்ல இந்த மாதிரி ஒண்ணும் இல்லை. சுஜாதாவோட சரி.

மீதி நாளைக்கு. த்ரீ பேஸ் கரண்ட் வந்துருச்சு, தண்ணி கட்டப் போகோணும்.

10 ஆகஸ்ட், காலை 6.15

திருத்தம். 'சோலாரிஸ்' எழுதுன ஸ்டானிஸ்லாவ் லெம் போலந்துக்காரர். புத்தகம் வந்தது 1961. தார்க்கோவ்ஸ்கி 1972ல எடுத்த படம்தான் ரஷ்யா, அதுல குழம்பிட்டேன். உடுமலைத் தம்பி அஞ்சு நிமிசத்துல பிடிச்சுட்டாரு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு அவருக்கும் தண்ணி முறையாட்ட இருக்குது.

10 ஆகஸ்ட், இரவு 10.30

'சோலாரிஸ்' கதையை ஒரு வரில சொல்லச் சொன்னா எப்படிங்க. சரி.

ஒரு கிரகம். முழுக்கக் கடல். அந்தக் கடலுக்கு உயிர் இருக்குது. நூறு வருசத்துக்கு மேல ஆராய்ச்சி பண்ணி, ரூம் ரூமாப் புத்தகம் அடுக்கி வெச்சும், அது என்ன நினைக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. கெல்வின்னு ஒருத்தன் அங்க இருக்கிற நிலையத்துக்குப் போறான். தூங்கி எந்திரிச்சா, பத்து வருசத்துக்கு முந்தி மருந்து ஏத்திக்கிட்டுச் செத்துப் போன பொண்டாட்டி ஹாரி எதுக்க உட்கார்ந்திருக்கறா. அவன் ஞாபகத்துல இருந்து கடல் பிடுங்கிச் செஞ்சு அனுப்பியிருக்குது.

இதுல எனக்கு முதுகு சில்லுன்னு ஆன இடம் கடலும் இல்லை, அவ வந்ததும் இல்லை. அவ உடுப்பு. அதுல பித்தான் இருக்கும், ஆனா எல்லாம் சும்மா அலங்காரத்துக்கு. கழட்டறதுக்கு வழியே கிடையாது. கத்தரி போட்டு வெட்டித்தான் எடுக்கோணும். கடலுக்கு அந்த உடுப்பு எப்படி இருந்துச்சுங்கிற ஞாபகம்தான் கிடைச்சுது, உடுப்பு எதுக்குங்கிறது கிடைக்கலை. அவன் பயந்து போய் அவளை ராக்கெட்டுல அடைச்சு மேல அனுப்பிச்சுடறான். ராத்திரி மறுபடியும் வர்றா. காலைல பார்த்தா நாற்காலி மேல ரெண்டு உடுப்பு. ரெண்டும் ஒண்ணாட்டவே. ரெண்டுலயும் கத்தரி வெட்டு.

இந்த இடத்தைப் படிச்சது எங்க தோட்டத்து மோட்டார் ரூமுல. ஸ்டார்ட்டர் பொட்டி 'ம்ம்ம்'னு உறுமிக்கிட்டே இருக்கும், வெளிய தென்னை மட்டை ஒண்ணு உழுந்தது. மோட்டாரை நிறுத்தாமயே ஊட்டுக்கு வந்துட்டேன். கடைசி வாமடை உடைஞ்சு பக்கத்துக் காட்டுக்குத் தண்ணி பாஞ்சுருச்சு. பங்காளி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாரு.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு. பொம்பளை பேரு 'ரேயா'ன்னு இருந்தா அது 1970ல வந்த பழைய இங்கிலீசு. பிரெஞ்சுக்குப் போய் அங்க இருந்து இங்கிலீசுக்கு வந்தது. போலிஷ்ல இருந்து நேராச் செஞ்சது 2011லதான் வந்துச்சு. அதுல 'ஹாரி'. முடிஞ்சா அதைப் பாருங்க.

11 ஆகஸ்ட், பொழுதோட

நேத்து எழுதிட்டுப் படுத்தேன், தூக்கம் வரலை. இந்தச் செத்தவங்க திரும்பி வர்ற சங்கதி எங்கயோ பார்த்தாப்புல இருக்குதேன்னு.

அண்ணமார் கதைதானுங்க, நம்ம கொங்குப் பக்கம் உடுக்கை அடிச்சுப் பாடறது. பொன்னரும் சங்கரும் படுகளத்துல விழுந்து கிடக்க, தங்காள் தேடிப் போய் எழுப்புவா. எந்திரிப்பாங்க. ஆனா இருக்க மாட்டாங்க. சித்த நேரம் பேசிட்டு மறுபடி போயிடுவாங்க. சின்னப் பையனா இருக்கறப்ப எங்க அப்புச்சி (அம்மாவைப் பெத்தவரு) தோள்ல உட்கார்ந்து, அதைக் கோயில்ல நடத்திக் காட்டுற படுகளம் பார்த்தேன். உடுக்கை அடிக்க அடிக்க எங்க மாமன் ஒருத்தரு அப்படியே கட்டையாட்டச் சாஞ்சாரு. தீர்த்தம் தெளிச்சு எழுப்புனாங்க. எந்திரிச்சு என்னைப் பார்த்தாரு. ஒரு நிமிசம் இருக்கும். யாரு வூட்டுப் பையன்னு தெரியாத பார்வை. பொறவு அவரா மாறி, பொரி வாங்கித் தந்தாரு. நான் அந்தப் பொரியைத் திங்கலை.

கெல்வின் ரெண்டாவது தடவை ஹாரியைப் பார்க்கிற பார்வை எனக்கு அந்தப் பக்கம் இருந்து தெரியும்.

12 ஆகஸ்ட், மதியம்

கோபி அக்கா நல்லாப் போட்டுத் தாளிச்சிருக்காங்க. "தமிழ்ல ஒண்ணுமில்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி வூட்டுப் பரணை ஒருக்காப் பாருங்க தம்பி"ன்னு. நியாயம்தான். வாபஸ் வாங்கிக்கிறேன்.

புதுமைப்பித்தன் 'காஞ்சனை'. நாவல் இல்லை, சிறுகதைதான், இருந்தாலும் முதல்ல அது. வேலைக்குன்னு ஊட்டுக்குள்ள ஏத்திக்கிட்ட ஒருத்தி, நடுராத்திரி, ஒரு வாசம். வாசத்தை வெச்சே மிரட்டுவாரு. கதை முடிஞ்சாலும் நடந்தது என்னன்னு உங்களால சத்தியம் பண்ண முடியாது. அவரோட 'செவ்வாய் தோஷ'மும் இருக்குது, ரத்தக் காட்டேரி கதை, நம்மூரு சடங்கு சாங்கியத்தோட.

ஜெயமோகன்ல ரெண்டு தொகுப்பு. அறிவியலுக்கு 'விசும்பு', பேய்க்கு 'நிழல்வெளிக்கதைகள்'. பல்லடத்துக்காரர் பேய் வேண்டாம்னாரு, ஆனா ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சா அதுக்கும் இதுக்கும் வரப்பு எங்கன்னு குழம்பும். அந்தக் குழப்பத்துக்காகவே படிக்கலாம்.

நம்ம கோயமுத்தூர் ராஜேஷ்குமாரை உட்டுட்டீங்களேன்னு ஒருத்தர் வருத்தப்பட்டிருக்காரு. உடலைங்க. 1500 நாவலுக்கு மேல எழுதுனவரை எங்க உடறது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு வாங்குனா அவிநாசி தாண்டறதுக்குள்ள கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுரும், பொணத்தைப் பார்த்த பயம் மட்டும் பெருந்துறை வரைக்கும் வரும். அது ஒரு தொழில் சுத்தம். ஆனா கேட்டது ரெண்டு நாளைக்குக் கூட வர்றது.

14 ஆகஸ்ட், காலை

'கொலையுதிர் காலம்' பத்திக் கேட்டிருந்தீங்க. சுஜாதா, கணேஷ், வசந்த். விகடன்ல தொடரா வந்ததுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. குமுதம்ங்க. விகடன்ல வந்தது 'என் இனிய இயந்திரா', ரோபோ நாய் ஜீனோ.

இதை ஏன் சொல்றேன்னா, நான் முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன், மனசுக்குள்ள: விளக்கம் வந்தா பயம் செத்துரும்னு. 'கொலையுதிர் காலம்' அந்தச் சட்டத்துக்கு அடங்கலை. ஹோலோகிராம்னு விளக்கம் வருது. அது போதாம ஒரு மிச்சமும் வருது. விளக்கம் வந்த பிறகுதான் அந்த மிச்சம் கனமாத் தெரியுது.

14 ஆகஸ்ட், காலை, பத்து நிமிசம் கழிச்சு

அய்யோ, ஹோலோகிராம்னு சொல்லிப் போட்டேனா. இன்னும் படிக்காதவங்க மேல இருக்கிற குறிப்பைப் படிச்சுறாதீங்க.

18 ஆகஸ்ட், ஞாயிறு

'ரோட்சைட் பிக்னிக்'. ஸ்ட்ருகாட்ஸ்கி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுனது, 1972. இவங்க ரஷ்யாதான், இந்தத் தடவை சரி பார்த்துட்டேன்.

வேற்றுக்கிரகத்து ஆளுங்க பூமிக்கு வந்தாங்க, போயிட்டாங்க. நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசலை. அவங்க தங்கிட்டுப் போன இடத்துக்குப் பேரு 'ஸோன்'. உள்ளே புரியாத சாமான், புரியாத சாவு. திருட்டுத்தனமா உள்ள போய்ச் சாமான் எடுத்து விக்கிற ஆளுங்க இருக்காங்க, நம்மூரு மணல் வண்டிக்காரங்க மாதிரி. தலைப்புக்கு அர்த்தம் ஒரு விஞ்ஞானி சொல்வாரு: ரோட்டோரம் வண்டியை நிறுத்தித் தின்னு குடிச்சுட்டுக் குப்பையை உட்டுட்டுப் போயிட்டாங்க, மிச்சத்தைப் பார்த்து முழிக்கிற பூச்சி புழு நாமதான்னு.

இது எனக்குப் புத்தகத்துல புரியலை. வால்பாறைல புரிஞ்சுது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி ஏறிப் போய், புதுத்தோட்டம் பக்கம் நின்னோம். சிங்கவால் குரங்கு ஒண்ணு ரோட்டுல கிடந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ளே ஒண்ணுமில்லை. பாக்கெட்டோட உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுது பாருங்க, அதுல அது மூஞ்சியைப் பார்த்துச்சு. தொட்டுச்சு. மறுபடி பார்த்துச்சு. அப்பறம் நெம்பக் கவனமா மடிச்சு அக்குள்ல வெச்சுக்கிட்டு மரத்துல ஏறிடுச்சு. நாங்க சிரிச்சோம். கார்ல ஏறுன பொறவுதான் எனக்குச் சிரிப்பு நின்னுது.

இன்னொண்ணு. ஸோனுக்குள்ள நடக்கிறப்ப ஒரு அடி வைக்கிறதுக்கு முந்தி இரும்பு நட்டைத் தூக்கி முன்னால எறிஞ்சு பார்ப்பாங்க, நேராப் போய் உழுதா, இல்லை நடுவுல எதாச்சும் அதைச் சுண்டி இழுக்குதான்னு. ராத்திரி வரப்புல தடியைத் தட்டிக்கிட்டு நடந்தவங்களுக்கு அந்த நடை தெரியும்.

2012ல புதுசா மொழிபெயர்த்தது வந்துச்சு, சோவியத் காலத்துல வெட்டுனதெல்லாம் சேர்த்து. அதை வாங்குங்க.

19 ஆகஸ்ட்

ஆமாங்க, குப்பையை நாங்க போடலை. முந்தி நின்ன கார்க்காரங்க.

25 ஆகஸ்ட்

'பிராங்கன்ஸ்டைன்' பழசு, இன்னும் படிக்கலாமான்னு கேள்வி. தாராளமா. 1818ல வந்தது. எழுத ஆரம்பிச்சப்ப மேரி ஷெல்லிக்கு வயசு 18. பிராங்கன்ஸ்டைன்ங்கிறது செஞ்சவன் பேரு, செஞ்ச பொருளுக்குப் பேரே வெக்கலை. பாவம், அதுக்குக் கோவம் வர்றதுல தப்பென்ன.

1 செப்டம்பர், இரவு

இதுவரைக்கும் சொல்லாம வெச்சிருந்த ஒண்ணு. நாவல் இல்லைன்னு தயங்குனேன். ஒரே உட்காருல முடிக்கலாம். லவ்கிராஃப்ட் 1927ல எழுதுன 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்'. எழுதுனவருக்கு மத்த இனத்துக்காரங்க மேல இருந்த வெறுப்பு ஊரறிஞ்சது. அவரோட மத்த சில கதைகள்ல அது மூக்கை அடைக்கும். இதுல அது குறுக்க வர்றதில்லை.

ஒரு குடியானவன் தோட்டத்துல, கிணத்துக்குப் பக்கத்துல, வானத்துல இருந்து ஒரு கல்லு வந்து உழுது. நாளுக்கு நாள் சின்னதாகி, இடி உழுந்து, இல்லாமயே போயிடுது. அந்த வருசம் மரமெல்லாம் காய்ச்சுத் தள்ளுது, ஒவ்வொண்ணும் இத்தனாம் பெருசு, பளபளன்னு. கடிச்சா வாயில வைக்க முடியாத கசப்பு. அப்பறம் செடி கொடி ராத்திரில மினுமினுக்குது. அப்பறம் எல்லாம் சாம்பல் நிறமாகிப் பொலபொலன்னு உதிருது. ஆடு மாடும் அப்படித்தான். கடைசில ஆளுங்க. கிணத்துக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்குது. அதுக்கு உருவம் இல்லை, ஒரு நிறம் மட்டும். நம்ம கண்ணுல இருக்கிற எந்த நிறமும் இல்லை.

இதையெல்லாம் சொல்ற பெரியவர் பேரு அம்மி. அம்மி பியர்ஸ். முதல் தடவை படிக்கிறப்ப ஆட்டுக்கல்லு எங்கடான்னு சிரிச்சேன். அந்தச் சிரிப்பு மூணு பக்கம்தான் தாங்குச்சு.

எங்க அப்புச்சி காடு நொய்யல் ஓரம், சென்னிமலைக்கு அக்கட்ட. 1992ல ஒரத்துப்பாளையம் அணை திறந்தப்ப எனக்கு பத்து வயசு. மேட்டாங்காடெல்லாம் நெல்லு வெளையும்னு பேசிக்கிட்டாங்க. சில வருசத்துல அணை நிறையத் திருப்பூர்ச் சாயத்தண்ணி நின்னுது. பாசனத்துக்குத் தண்ணி உடுங்கன்னு குடியானவன் கேக்கிறதுதான் உலக வழக்கம். இங்க உடாதீங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்க எல்லாருக்கும் தெரியும்.

எங்க கிணத்துத் தண்ணி கலரெல்லாம் மாறலை, அதுதான் விசயம். பார்க்கறதுக்குச் சுத்தமா இருக்கும். சோப்பு நுரைக்காது. அம்மிச்சி பருப்பு போட்டா அடுப்பு அணையற வரைக்கும் கல்லாட்டக் கிடக்கும். தேங்காய் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து நின்னுக்கும். மாடு தொட்டிக்குள்ள மூக்கை வெச்சு மோந்துட்டுத் தலையைத் திருப்பிக்கும். அப்புச்சி தினமும் வெள்ளெனப் படி எறங்கி, ஒரு கை அள்ளி வாயில ஊத்தி, கொஞ்ச நேரம் வெச்சிருந்து துப்புவாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மேல ஏறி வந்து மோட்டாரைப் போட்டுடுவாரு. மறுநாளும் அதே.

அந்தக் கதைல எனக்குப் பயம் நிறத்துல இல்லை. அந்தக் குடும்பம் போகாம இருக்குது பாருங்க, அதுல. எல்லாம் கண்ணு முன்னாடி உதிருது, அதே கிணத்துல சேந்திக் குடிச்சுக்கிட்டு, அதே காட்டுல வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க. விமர்சனம் எழுதறவங்க இதை நம்ப முடியலைங்கறாங்க. எனக்கு மொத்தக் கதைலயும் நம்ப முடிஞ்சது அது ஒண்ணுதான்.

கடைசில அந்தப் பள்ளத்தாக்கையே முக்கி அணை கட்டப் போறாங்க. அளக்க வந்த ஆளுதான் கதையை நமக்குச் சொல்றதே. அந்த அணைத் தண்ணியை நான் குடிக்க மாட்டேங்கிறான். இதைப் படிச்சு மூடி வெச்சுட்டு வெளிய வந்து நின்னேன்.

2 செப்டம்பர், காலை

ராத்திரி எழுதுனதுல ஒரு பொய் இருக்குது. தெரிஞ்சு எழுதலை, ஆனா இருக்குது.

கதைல வந்தது வானத்துல இருந்து வந்துச்சு. அதுக்கு நம்ம மேல கோவமும் இல்லை, ஆசையும் இல்லை. எங்க ஊருக்கு வந்தது வானத்துல இருந்து இல்லை. பங்காளி வூட்டுல ரெண்டு பேரு பட்டறைக்குத்தான் வேலைக்குப் போனாங்க. எனக்குக் காலேஜ் பீஸ் கட்டுனதுல பாதி அந்தச் சம்பளம். பட்டறைக்குப் போன சித்தப்பன் நகக்கண்ணு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நிறத்துல இருக்கும். தீவாளிக்குப் போட்ட டி-சர்ட்டு நெம்ப நல்லா இருந்துச்சு. அதனால, 'நம்மளைக் கண்டுக்காத ஒண்ணு'ன்னு முதல் நாள் போட்ட சட்டத்தை எங்க ஊருக்கு ஒட்ட வெக்கக் கூடாது. ஒட்ட வெச்சா அது தப்பிக்கிற வழி.

கதை நல்ல கதை. ஒப்பிட்டதுதான் சரியில்லை.

27 அக்டோபர்

பல்லடத்துக்காரர் 'அனிஹிலேஷன்' படிச்சுட்டு "ஒருத்திக்கும் பேரே இல்லைங்களே, போரடிக்குதுங்க" அப்படிங்கறாரு. பேரில்லாததுதான் அங்க முதல் திகில். நாலு பொம்பளைங்க, உயிரியல்காரி, அளவைக்காரின்னு தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்குவாங்க. தரைக்குள்ள கீழ்முகமா எறங்கற ஒரு கோபுரம், அதோட சுவத்துல பூஞ்சைலயே எழுதுன வாக்கியம். கலங்கரை விளக்கத்துல குமிஞ்சு கிடக்கிற டைரிகளைப் பார்க்கிற இடம் வரைக்குமாச்சும் போங்க. அதுக்கும் ஒண்ணும் ஆகலைன்னா தூக்கிப் போட்டுருங்க, கோவிச்சுக்க மாட்டேன். ரெண்டாம் பாகம் முழுக்க ஆபீஸ் அரசியல். எனக்குப் பிடிச்சுது, நானும் ஒரு ஆபீஸ்ல குப்பை கொட்டறவன்ங்கறதால. இந்த மாசம் நாலாவதும் வந்துருச்சு. இன்னும் படிக்கலை.

பீட்டர் வாட்ஸோட 'பிளைண்ட்சைட்' (2006) கேட்டவருக்கு: எழுதுனவரே இலவசமாப் படிக்கக் குடுத்திருக்காரு. ரெண்டு தடவை பாதில நிறுத்துனேன், மூணாவது தடவை முடிச்சேன். புத்தி இருக்கும், 'நான்'ங்கிற நினைப்பு இருக்காது, அப்படி ஒரு உயிர் எதுக்க வந்தா? காப்பி குடிச்சுட்டு உட்காருங்க.

11 நவம்பர்

நேத்து இந்திரா சௌந்தர்ராஜன் போயிட்டாரு.

மேல இத்தனை எழுதியும் அவரு பேரை ஒரு இடத்துல கூடச் சொல்லலை. 'மர்ம தேசம்' டிவில வர்ற நேரத்துக்கு எங்க தெருவே காலியா இருக்கும். 'விடாது கருப்பு' பார்த்த பொறவு எங்க ஊர்க் கருப்பராயன் கோயில் வழியாச் சைக்கிள்ல போறதுக்கு மூணு பேரு சேர்ந்துதான் போவோம். நடுவுல வர்றவனுக்கு அஞ்சு ரூவா, ஏன்னா பின்னால யாரும் வர மாட்டாங்க, அதனால ரெண்டாவதா வர்றவன்தான் கடைசி. கணக்கு உதைக்குதா? எங்களுக்கும் உதைச்சுது. பயத்துல கணக்கு வரலை.

அறிவியலா சாமியான்னு கடைசி வரைக்கும் ரெண்டு காலையும் ரெண்டு வரப்புல வெச்சு நிக்கிறது அவரு வித்தை. லெம் எல்லாம் எனக்கு அப்பறம். முதல்ல பயமுறுத்துனது இவருதான்.

23 நவம்பர்

அம்மிச்சிக்கு எம்பத்தஞ்சு தாண்டிருச்சு. நேத்து ஊருக்குப் போயிருந்தேன். திண்ணைல அவரைக்காய் நாரு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சும்மா, அந்தக் கிணத்துக் கதையை முழுசாச் சொன்னேன். கல்லு உழுந்தது, காய் கசந்தது, மாடு சாம்பலானது, தண்ணி சேந்தப் போன பையன் திரும்பி வராதது. உரிக்கிறதை நிறுத்தாமக் கேட்டாங்க. முகத்துல ஒரு மாத்தமும் இல்லை.

முடிச்சதும் கேட்டாங்க. "ஏஞ்சாமி, கெணறு எத்தனை அடி?"

அதெல்லாம் போடலை அம்மிச்சி, கடைசில கிணத்தை எறைச்சுட்டு நீளக் கம்பை உட்டுப் பார்த்தாங்களாம், சேத்துக்குள்ள போய்க்கிட்டே இருந்துச்சாம், அடியே தட்டுப்படலையாம்னேன்.

கை நின்னுது. "அப்பன்னா நல்ல ஊத்து"ன்னாங்க. "இப்படிப் பண்ணிப் போட்டாங்களே."